பொரிதல்

பொரிதல் என்பது கடுகு, நெல், சோளம் முதலியன சூட்டினால் படபடவென ஒலி எழுப்பி வெடிப்பதைக் குறிக்கும் தமிழ் வினைச்சொல் ஆகும். இதன் பிறவினை வடிவம் பொரித்தல் என்பதாகும். பொரி, பொரியல் ஆகிய பெயர்ச்சொற்கள் இவ்வினையடியிலிருந்து பிறந்தவை. சங்கப் பாடல்களில் புங்க மரத்தின் பூக்கள் நெற்பொரிக்கு ஒப்பிடப்பட்டுள்ளன.

வழக்குப் பொருள்கள்

- குஞ்சு பொரித்தல்: முட்டையோடு வெடித்துக் குஞ்சு வெளிவருதல்.
- பொரிந்து தள்ளுதல்: கோபத்தில் இடைவிடாது பேசித் தீர்த்தல். (எ.கா: தாமதமாக வந்த மகனிடம் தாய் பொரிந்து தள்ளினார்.)

திட்டுதலைக் குறிக்க வறுத்தெடுத்தல், தாளித்தல் ஆகிய சமையற்சொற்களும் வழங்குகின்றன. இவற்றில் வறுபடுபவர் திட்டு வாங்குபவர். பொரிந்து தள்ளுதலிலோ பொரிபவர் பேசுபவரே. கடுகின் வெடிப்பைப் போல அவரது சொற்கள் அடுக்கடுக்காகத் தெறிக்கின்றன. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தல் என்னும் மரபுத்தொடரிலும் சினங்கொண்டவர் முகமே சட்டியாகிறது.

எழுத்து வேறுபாடு

வல்லின றகரம் இட்டு எழுதப்படும் பொறி என்பது தீப்பொறி, இயந்திரம், ஐம்பொறி ஆகியவற்றைக் குறிக்கும் வேறு சொல். கண்ணில் பறப்பது பொறி. கடாயில் வெடிப்பது பொரி. எனவே "பொறிந்து தள்ளினார்" என எழுதுவது பிழையாகும்.