குந்தகுந்தர் எந்நாட்டினர்?

திகம்பர மரபினர் எந்த நாட்டில் வழிபாட்டைத் தொடங்கினாலும், வீர பகவானையும் கௌதம கணதரரையும் போற்றியபின் அவர்கள் நாவில் அடுத்து எழுவது குந்தகுந்தாசாரியாரின் திருநாமமே. வடநாட்டுச் சினாலயமாயினும் மேல்சித்தாமூராயினும் இம்முறை மாறுவதில்லை. கணதரர்க்கு அடுத்த இடத்தில் வைத்து வணங்கப்பெறும் இப்பெருமகனார் எந்த ஊரில் பிறந்தார், எந்நாட்டினர் என்னும் வினாவுக்கு மட்டும் இடத்துக்கு இடம் விடை மாறுகின்றது. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையைக் காட்டி அவர் தமிழரே என்பர் தமிழ்ச் சமணர். கன்னடக் கல்வெட்டுகளைக் காட்டி அவர் கருநாடகர் என்பர் கன்னட அறிஞர். அவர் பிறந்ததாகக் கருதப்படும் ஊரோ இன்று ஆந்திர மாநிலத்து அனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கின்றது.

ஆசாரியார் இவ்வினாவுக்குத் தம் நூல்களில் விடை வைக்கவில்லை. சமயசாரம், பிரவசனசாரம், பஞ்சாஸ்திகாயம், நியமசாரம் ஆகிய அனைத்தும் சௌரசேனிப் பிராகிருதத்தில் அமைந்தவை. அது தமிழுமன்று, கன்னடமுமன்று, தெலுங்குமன்று. நாட்டையோ பெற்றோரையோ அவர் கூறவில்லை. பன்னிரு அனுப்பிரேட்சைகளைப் பற்றிய நூலின் முடிவில் தம் பெயர் அமைந்திருப்பதும், போதபாகுடத்தில் பத்திரபாகுவின் மாணாக்கர் என்னும் குறிப்பு வருவதுமே நமக்குக் கிடைப்பன. அவருடைய நூல்களுக்குப் பேருரை வகுத்த அமிர்தசந்திரர் கூட மூல ஆசிரியரின் பெயரை யாண்டும் சுட்டவில்லை. ஆன்மா ஒன்றையே பேசிய நூலுக்கு ஊரும் பேரும் எதற்கு என்று அவர் எண்ணினார் போலும்!

பிற்காலத்தார் கூறுவனவற்றிலிருந்தே வரலாறு தொடங்குகின்றது. கி.பி. 933இல் தரிசனசாரம் இயற்றிய தேவசேனர் இவரைப் பத்மநந்தி என்னும் பெயராற் குறிக்கின்றார். சிரவணபெளகொளக் கல்வெட்டுகளும் இவரது முதற்பெயர் பத்மநந்தி என்றே கூறிக் கொண்டகுந்தர் என்பதை அடுத்த பெயராக வைக்கின்றன. சுருதாவதாரம் என்னும் நூலோ, பத்மநந்தி குண்டகுந்தபுரத்தவர் என்று ஊரையும் சேர்த்துச் சொல்லுகின்றது. ஆக, உலகம் அறிந்த பெயர் தீக்கைப் பெயரன்று, ஊரால் வந்த பெயர் என்பது தெளிவு. தமிழர்க்கு இது புதிதன்று. ஊர்ப்பெயரால் புலவரை அழைத்து இயற்பெயரை மறந்துவிட்ட கதைகள் சங்கப் பாடல்களின் அடிக்குறிப்புகளில் எத்தனையோ உள்ளன.

அவ்வூர் எது? குந்தகல்லுக்கு அணித்தாக உள்ள கோனகொண்டலா என்னும் சிற்றூரே அது என்று பி. பி. தேசாய் 1957இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். அங்குள்ள குன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. பழைய கன்னடக் கல்வெட்டுகள் அவ்வூரைக் கொண்டகுந்தே என்றே வழங்குகின்றன. 11ஆம் நூற்றாண்டில் அது ஒரு தீர்த்தமாகப் போற்றப்பட்டமைக்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. கல்வெட்டுகளில் ஆசாரியாரின் பெயர் பெரும்பாலும் கொண்டகுந்தர் என்றே வருகின்றது. குந்தகுந்தர் என்பது வடமொழி ஓசைக்கு இசையத் திருத்திய வடிவம். பெயரும் ஊரும் இவ்வாறு பொருந்தும் வேறோர் இடம் இதுவரை காட்டப்படவில்லை.

ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். கோனகொண்டலாவின் கல்வெட்டுகள் கன்னடத்தில் உள்ளன. அவ்வூர் இருக்கும் அனந்தபுரம் மாவட்டம் 1953இல் ஆந்திரம் பிரியும்வரை சென்னையைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியில் இருந்தது. இன்று அங்கு வழங்கும் மொழி தெலுங்கு. அவர் கன்னடரா, ஆந்திரரா, பழைய சென்னை ராஜதானியாரா என்று கேட்டால், மூன்றுக்கும் ஆம் எனலாம், மூன்றுக்கும் அன்று எனலாம். அறிஞர் ஆ. நே. உபாத்தியே கிறித்துவ ஊழியின் தொடக்கத்தை ஒட்டிய காலத்தை ஆசாரியார்க்குக் கூறுவார். அக்காலத்தில் இம்மாநில எல்லைகளில் ஒன்றேனும் இருந்ததில்லை.

இனித் தமிழர் தரப்பு. இதனை முறையாக எடுத்துரைத்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். 1920இல் அவர் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தபோது, அதன் முன்னுரையில் ஆசாரியார் திராவிட நாட்டினர் என்று வாதிட்டார். பஞ்சாஸ்திகாயம் சிவகுமார மகாராசருக்காக இயற்றப்பட்டது என்பது உரையாசிரியர் ஜயசேனர் கூற்று. அம்மன்னன் கதம்பன் சிவமிருகேசவர்மன் என்றார் கா. பா. பாடக். அவன் காஞ்சிப் பல்லவன் சிவஸ்கந்தவர்மன், பிராகிருதத்தில் செப்பேடு வெளியிட்டவன் ஆதலின் பிராகிருத நூல் கேட்டதும் பொருத்தமே என்றார் நயினார்.

நயம் மிக்க வாதம்தான். ஆயினும் ஜயசேனர் வாழ்ந்தது ஆசாரியார்க்கு ஆயிரம் ஆண்டுக்குப் பின்னர். சிவஸ்கந்தவர்மனையும் இன்றைய ஆய்வாளர் கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வைக்கின்றனர். மேலும், அம்மன்னன் காஞ்சியிலிருந்து வெளியிட்ட ஹிரேஹடகள்ளிச் செப்பேடு பல்லாரிப் பகுதியில் அளித்த கொடையைப் பற்றியது. கோனகொண்டலாவை நோக்கியே நீண்டிருந்த ஆட்சி அது. ஆகவே, பல்லவன் பொருட்டு நூல் எழுந்தது என்று ஒப்பினும், எழுதியவர் தமிழ்நாட்டிற் பிறந்தவர் என்பது அதனால் முடிந்துவிடாது.

நயினாரின் வாதத்திற்கு மற்றொரு தூண் ஏலாசாரியர் என்னும் பெயர். விசயநகரத்துக் கல்வெட்டு ஒன்று, ஆசாரியார்க்குப் பத்மநந்தி, குந்தகுந்தர், வக்கிரகிரீவர், ஏலாசாரியர், கிருத்திரபிச்சர் என ஐந்து பெயர்கள் கூறுகின்றது. அதன் காலம் 1386. அதற்குரிய சினாலயத்தை எடுப்பித்தவன் தண்டநாயகன் இருகப்பன். திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தைக் கட்டிய அதே இருகப்பன்தான். குந்தகுந்தரே ஏலாசாரியர், ஏலாசாரியர் வாழ்ந்தது பொன்னூர், திருக்குறளை இயற்றியவர் ஏலாசாரியர் என்பது சமணர் வழிவழிச் செய்தி, எனவே குறளாசிரியரும் குந்தகுந்தரும் ஒருவரே. இவ்வாறு சங்கிலி நீள்கின்றது.

இதனை வெறும் ஆர்வ மிகுதி என்று தள்ளுதல் அறமன்று. தமிழ் இலக்கியத்திற்குச் சமணர் ஆற்றிய பணி மறைக்கப்பட்டும் குறைத்துப் பேசப்பட்டும் வந்த காலம் அது. தொகையிற் சிறியதாகிவிட்ட ஒரு சமூகத்தின் சார்பில் ஒரு பேரறிஞர் நின்று பேசினார். குறள் சமணச் சார்புடையது என்பதற்கு வேறு சான்றுகளும் அவர் கையில் இருந்தன. நீலகேசி உரையாசிரியர் சமயதிவாகர வாமன முனிவர் குறளைத் தம் சமயத்து நூலாகவே உரிமை கொண்டாடுகின்றார். சமணரல்லாத எஸ். வையாபுரிப் பிள்ளையும் வள்ளுவரைச் சமணர் என்றே கொண்டார். ஆயின் வள்ளுவர் சமணர் என்பது ஒன்று. வள்ளுவரே குந்தகுந்தர் என்பது வேறொன்று. முன்னது நிற்பதற்குப் பின்னது வேண்டுவதில்லை.

சங்கிலியின் கண்ணிகளைத் தனித்தனியே தட்டிப் பார்த்தால் ஓசை வேறுபடுகின்றது. ஐந்து பெயர் கூறும் கல்வெட்டு ஆசாரியார்க்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளேனும் பிற்பட்டது. அவ்வைந்தில் கிருத்திரபிச்சர் என்பது சிரவணபெளகொளக் கல்வெட்டுகளில் தத்துவார்த்த சூத்திரம் செய்த உமாசுவாதியின் பெயராக வருகின்றது. ஏலாசாரியர் என்னும் பெயரும் ஒருவர்க்கே உரியதன்று. தவளா உரை வகுத்த வீரசேனர், சித்திரகூடத்தில் ஏலாசாரியர் ஒருவரிடம் ஆகமம் கற்றவர். பேரறிவினர் பலரின் பெயர்களை ஒருவர் மீதே ஏற்றிவிடுதல் பிற்கால மரபின் இயல்பு. நம் ஔவையார் கதையும் அதுதானே!

அப்படியாயின் பொன்னூர் மலைத் திருவடிகள் யாருடையவை?

இவ்விடத்தில்தான் தமிழ்ச் சமணர் உற்று நோக்க வேண்டிய செய்தி உள்ளது. கி.பி. 939இல், இராட்டிரகூடர் தலைநகர் மானியகேடத்தில் இந்திரநந்தி என்னும் முனிவர் ஜ்வாலாமாலினி கல்பம் இயற்றினார். அந்நூல் தன் மரபுக்கு முதல்வராக ஒருவரைக் காட்டுகின்றது. தென்னாட்டில் ஹேமகிராமத்தில் திராவிட கணத்தின் தலைவராக விளங்கிய ஹேலாசாரியர் அவர். அவருடைய மாணாக்கியாகிய கமலசிரீ பிரம்மராட்சசனால் பீடிக்கப்பட்டபோது, ஊரருகே இருந்த நீலகிரி மலையுச்சியில் அவர் தவமிருந்து ஜ்வாலாமாலினியை வழிபட்டார். தேவி தோன்றி மந்திரம் அருளினாள். அதுவே ஆசிரியர் மாணாக்கர் வழியாகத் தம்வரை வந்தது என்கின்றார் இந்திரநந்தி. ஹேமம் என்பது பொன், ஹேமகிராமம் பொன்னூர். இடையில் வந்த மாணாக்கர் வரிசையைப் பார்க்கையில், ஹேலாசாரியர் இந்திரநந்திக்குச் சில தலைமுறைகளே முற்பட்டவர். ஊழியின் தொடக்கத்தில் வாழ்ந்த குந்தகுந்தராக அவர் இருத்தல் இயலாது.

ஏலாசாரியர் என்றும் ஹேலாசாரியர் என்றும் வழங்கும் பெயர் ஒற்றுமையால் இருவரும் ஒருவராயினர். சமயசாரத்தைத் தலைமேற் கொண்ட வடநாட்டு அன்பர்கள், சிறப்பாக 20ஆம் நூற்றாண்டில் சோன்கட் கான்ஜி சுவாமியின் விளக்கங்களால் அந்நூலில் ஈடுபட்டோர், பொன்னூரைக் குந்தகுந்தரின் தவபூமியாகக் கருதி வரலாயினர். மலைக்குப் படியும் விடுதியும் பெருமையும் வந்தன. குந்தகுந்தர் தமிழகத்தில் நடந்திருக்கலாம், இம்மலையில் தங்கியிருக்கவும் கூடும். துறவியின் பாதம் ஓரிடத்தில் நிற்பதன்று. ஆனால் அவர் பெயர் ஓங்க ஓங்க, அம்மலைக்கு உரியவராக நூலே சான்று பகரும் தமிழ்நாட்டு ஆசாரியர் பெயர் மங்கிவிட்டது. தொலைவிலுள்ள பெருஞ்செல்வத்திற்கு வழக்காடும்போது வீட்டிலுள்ள பொற்காசைத் தொலைத்ததற்கு ஒப்பாகும் இது. தமிழகத்து மந்திர வழிபாட்டு மரபு ஒன்று கன்னட நாட்டுத் தலைநகர்வரை சென்று நூலாயிற்று என்பது சிறிய செய்தியா?

பொன்னூர் மக்கள் நெடுங்காலம் அவரை மறக்கவில்லை. அவ்வூர் ஆதிநாதர் கோயிலில் 1733ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீலகிரி மலையில் நடைபெறும் வழிபாட்டிற்குக் கோயிலிலிருந்து பார்சுவநாதர் திருவுருவத்தையும் ஜ்வாலாமாலினியின் திருவுருவத்தையும் எடுத்துச்செல்ல வேண்டும் என ஊர்ச் சமணர் செய்துகொண்ட ஏற்பாட்டை அது கூறுகின்றது. அவ்வழிபாடு யாருக்குரியது என்பதையும் அது பெயர் சுட்டியே சொல்லுகின்றது: ஹேலாசாரியருக்கு.