குவேசார்களும் வளிம வரத்தும்

கண்மாய் எவ்வளவு பெரியதாயினும் வரத்துவாரி தூர்ந்தால் வற்றிவிடும். இதை ஆலங்குடிப் பக்கத்து உழவர் நன்கறிவர். குவேசார் ஆய்வின் வரலாறும் ஒரு வரத்தைத் தேடிய வரலாறே.

1962-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, 3சி 273 என்னும் வானொலி மூலத்தை நிலா மறைத்த நேரத்தைக் கொண்டு அதன் இடத்தைத் துல்லியமாகக் கணித்தது. மறு ஆண்டு மார்ட்டன் சிமிட் அதன் நிறமாலையை ஆராய்ந்து, அது மிகத் தொலைவிலுள்ளது எனக் கண்டார். இதே நிலா மறைப்பு முறையைப் பயன்படுத்தவே, கோவிந்த் சுவரூப் தலைமையில் உதகை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி கட்டப்பட்டு, 1970-இல் செயல்படத் தொடங்கியது. தொலைதூர வானொலி மூலங்கள் பலவற்றின் நுண்ணமைப்பை அது அளந்தது.

இத்தனை ஒளி எப்படி உண்டாகிறது? பேரடையின் மையக் கருந்துளையை நோக்கி விழும் வளிமம் வட்டாகச் சுழன்று, வெப்பமேறி ஒளிர்கிறது என 1969-இல் டொனால்ட் லிண்டன்-பெல் விளக்கினார். பிரகாசமான குவேசாருக்கு ஆண்டுதோறும் சில சூரியன்களின் நிறையளவு வளிமம் வேண்டும்.

அந்த வளிமம் வரும் வழிகள் இரண்டு. பேரடைகள் மோதி இணையும்போது வளிமம் மையத்துக்குத் தள்ளப்படுகிறது. பேரடைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய வளிம இழைகள் வழியாகவும் புது வளிமம் வந்து சேர்கிறது. யூஎம் 287 என்னும் குவேசாரின் ஒளியில் மின்னிய, பத்து லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் நீண்ட அத்தகைய வளிமப் பரப்பை, ஹவாயின் கெக் தொலைநோக்கி வழியே கண்டதாக 2014-இல் அறிவிக்கப்பட்டது.

வரத்து குறைந்தால் குவேசார் மங்கும். நம் பால்வழியின் மையத்திலும் 40 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை உண்டு. இன்று அதற்கு வரத்து மிகக் குறைவு. ஆகவே அது அடங்கிக் கிடக்கிறது.