பழைய படக்கதைகளும் குன்றாத ஆர்வமும்

பகட்டாக உடுத்தித் திரிபவரை நாம் "ஷோக்குப் பேர்வழி" என்கிறோம். "ஷவ்க்" என்னும் அரபுச் சொல் உருதுவின் வழியாகத் தமிழுக்கு வந்து இவ்வாறு உருமாறிற்று. மூலமொழியில் அதற்குப் பகட்டு என்று பொருளில்லை. ஏக்கம், வேட்கை என்பனவே பொருள். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் நீஷாப்பூரில் வாழ்ந்த இமாம் குஷைரீ அவர்கள், தம் ஆசிரியர் அபூ அலீ அத்தக்காக் அவர்கள் கூறிய ஒரு வேறுபாட்டைத் தமது "ரிஸாலா"வில் பதிவு செய்துள்ளார்கள். நாடியதை அடைந்ததும் தணிந்துவிடுவது ஷவ்க்; அடைந்த பின்னரும் தணியாதது இஷ்தியாக்.

இறைநேசம் குறித்த இந்த நுட்பத்தைச் சிறுவர் படக்கதை பற்றிய கட்டுரையில் கொணரலாமா என்று அன்பர்கள் வினவக்கூடும். பெரிய விளக்கின் ஒளியில் சிறிய பொருளைத் தேடுவது பிழையன்று என்பதே என் விடை.

படங்களால் கதை சொல்லுதல் எங்கள் பகுதிக்குப் புதியதன்று. குற்றாலத்துச் சித்திர சபையின் சுவர்கள் முழுதும் கதை சொல்லும் ஓவியங்களே. ஆனால் சிறுவன் ஒருவன் தன் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க படக்கதை, அச்சு இயந்திரம் அளித்த கொடையாகும். 1964இல் பம்பாயிலிருந்து "இந்திரஜால்" காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அமெரிக்கரான லீ பாக் 1936இல் படைத்த முகமூடி வீரர், அதன் வழியே இந்திய மொழிகள் பலவற்றைப் பேசலானார். 1972இல் சிவகாசியில் திரு. சௌந்தரபாண்டியன் "முத்து காமிக்ஸ்" இதழைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு "இரும்புக்கை மாயாவி". 1962இல் இங்கிலாந்தின் "வேலியண்ட்" வார இதழில் தோன்றிய அக்கதைக்குப் படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. மின்சாரம் தாக்கியதும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மனிதன், தமிழ்ச் சிறுவரின் கனவுகளிலெல்லாம் உலவினான்.

1984ஆம் ஆண்டு ஜூலை மாதம் மறக்கவியலாதது. திரு. சௌந்தரபாண்டியனின் மைந்தர் விஜயனை ஆசிரியராகக் கொண்டு "லயன் காமிக்ஸ்" அம்மாதத்தில் பிறந்தது. தினத்தந்தி குழுமத்தின் "ராணி காமிக்ஸ்" பிறந்ததும் அம்மாதத்திலேதான். சிவகாசியும் தென்காசியும் ஒரே இருப்புப்பாதையில் அமைந்த ஊர்கள். பேருந்து நிலையத்துக் கடையில் கயிற்றில் தொங்கும் புதிய இதழைக் காண, மாலையில் ஓதி முடித்த கையோடு ஓடியவர்களில் அடியேனும் ஒருவன். அப்பொழுது எனக்குப் பதின்மூன்று வயது. தந்தையார் கண்டித்தார்கள், அன்னையார் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் கொடுத்தார்கள். பின்னர் மதரஸாவில் தங்கி ஓதிய ஆண்டுகளிலும் அன்னையார் அவற்றை ஒரு தகரப் பெட்டியிலிட்டுக் காத்து வந்தார்கள்.

ஆசிரியப் பணியில் அமர்ந்த பின் சேகரிப்பு தீவிரமாயிற்று. விடுபட்ட எண்களைப் பட்டியலிட்டுப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தேன். 1990இல் இந்திரஜால் நின்றது. 2005இல் ராணி காமிக்ஸ் நின்றது. நின்றுபோனவற்றின் மதிப்பு உயர்ந்தது. என் பெருமிதமும் உயர்ந்தது. ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டு தேடிய இதழ் கைக்கு வந்த அன்று, அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு உறையிலிட்டு மூடினேன். கதையைப் படிக்கவில்லை.

2012 ஜனவரியில் லயனும் முத்துவும் புதுப் பொலிவுடன் மீண்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் மாயாவியின் பழைய கதைகளும் நல்ல தாளில் மறுபதிப்புப் பெற்றன. மகிழ வேண்டிய நான் மகிழவில்லை. என்னிடம் மட்டுமே இருந்தது இப்போது எல்லாரிடமும் இருக்கிறதே என்று உள்ளம் சுருங்கியது. நான் நேசித்தது கதையையன்று, பிறரிடம் அது இல்லாமையையே என்பது அன்றுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டுச் சில ஆண்டுகள் திரும்பியும் பாரேன்.

எங்கள் ஊரின் சாரலை நாடி எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். அந்தச் சாரலே காகிதத்திற்குப் பகை. கந்தல் துணியிலிருந்து செய்த தாளில் எழுதப்பெற்ற அரபுச் சுவடிகள் பல நூற்றாண்டுகள் நிற்கின்றன. மரக்கூழினாலான மலிவுத் தாளிலோ லிக்னின் என்னும் பொருள் மிகுதி. அது ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளிக்கும். தாளிலுள்ள அமிலம் நார்களை அறுக்கும். ஈரம் அவ்வழிவை விரைவுபடுத்தும். ஒரு குற்றாலப் பருவம் முடிந்து பெட்டியை இறக்கியபோது இராமபாணப் பூச்சி தன் பணியைச் செய்திருந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றே எண்ணினேன்.

போடுமுன் ஒரு கணக்கு எழுதி வைப்போம் என்று நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், பக்தாதின் புத்தக வணிகர் இப்னு நதீம் தம் காலத்து நூல்களையெல்லாம் "ஃபிஹ்ரிஸ்த்" என்னும் பட்டியலாக்கினார். அவர் குறித்தவற்றுள் பல இன்று இல்லை. பெயராவது எஞ்சியது அப்பட்டியலால்தான். அந்நினைவோடு எண், ஆண்டு, கதை, மூலநாடு என எழுதத் தொடங்கினேன். எழுத வேண்டியிருந்ததால் படிக்க வேண்டியதாயிற்று. அட்டைகளில் முன்னாள் உரிமையாளரான சிறுவர்களின் கோணல் கையெழுத்துகள். வாடகை நூலகங்களின் ஊதா முத்திரைகள். ஓர் இதழில் என் அன்னையாரின் கையால் ஒட்டிய சோற்றுப் பசைத் தாள் இருந்தது. அன்னையார் அப்போது உயிரோடு இல்லை. எடைக்குப் போடும் எண்ணம் அத்துடன் அகன்றது.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும்கூட ஒதுக்காமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஆய்வு நூலகமாயிற்று. பிறர் கற்கும்படி அமைந்ததனாலேயே அவர் ஆர்வம் அவருக்குப் பின்னும் வாழ்கிறது.

தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியுள்ள பீர்முகம்மது அப்பா அவர்களின் "ஞானப்புகழ்ச்சி"யை ஆண்டுதோறும் அன்பர்கள் கூடிப் பாடுகின்றனர். அறியாத வரி ஒன்றும் அதில் அவர்களுக்கில்லை, ஆயினும் சலிப்பில்லை. அடைந்தபின்னும் தணியாத வேட்கைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இப்போது நான் விடுபட்ட எண்களைத் தேடி அலைவதில்லை. வெயில் நாட்களில் இதழ்களை நிழலில் உலர்த்தி, வசம்புத் துண்டுகளிட்டு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் தெருப் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து படிக்கிறார்கள். ஓரிரு தாள்கள் கிழியத்தான் செய்கின்றன. சோற்றுப் பசை கொண்டு நான் ஒட்டிவிடுகிறேன்.