தேடலும் மாற்றலும்

எழுதப்பட்ட சொல்லைத் திருத்துவது எங்ஙனம் என்னும் வினா கணிப்பொறியோடு பிறந்ததன்று. திருமறை ஏடுகளைக் கையால் படியெடுத்த காலத்திலேயே அது எழுந்தது. கணிப்பொறி அதற்கு விரைவைத் தந்தது. அவ்விரைவே இடரையும் பெருக்கியது.

சொற்களைத் தட்டெழுதித் தொகுக்கும் மென்பொருள்களில் 'தேடி மாற்றுதல்' என்றொரு வசதி உண்டு. ஒரு சொல்லையும் அதற்கு ஈடான வேறொன்றையும் தந்து பணித்தால், ஆயிரம் பக்கங்களும் நொடியில் மாறும். ஆனால் அக்கருவி காண்பது எழுத்து வரிசையை, பொருளை அன்று. தால்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' நாவலின் ஆங்கில மின்பதிப்பொன்று 2012ஆம் ஆண்டில் இதற்குச் சான்றாயிற்று. 'நூக்' என்னும் படிப்புக் கருவிக்கான அப்பதிப்பில், போட்டிக் கருவியாகிய 'கிண்டில்' பெயர் வருமிடமெல்லாம் 'நூக்' என்று மாறியிருந்தது. 'கிண்டில்' என்பது தீ மூட்டுதலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினைச்சொல்லும் ஆயிற்றே! கதையில் தீ மூட்டப்பட்ட இடங்களிலெல்லாம் 'நூக்' வந்து அமர்ந்துகொண்டது.

தமிழில் இவ்விடர் இன்னும் நுட்பமானது. 'ஞானஸ்நானம்' என்பதைத் தேடினால் 'ஞானஸ்நானத்தால்' என்பது அகப்படாது. 'ஞானஸ்நான' என்ற அளவில் நிறுத்தித் 'திருமுழுக்கு' என மாற்றினாலோ, 'திருமுழுக்குத்தால்' என்னும் விந்தைச் சொல் பிறக்கும். நம் வேற்றுமையும் புணர்ச்சியும் கருவியின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மறைநூல் வரலாற்றிலோ திருத்தத்திற்கு இரு வழிகளைக் காண்கிறோம். எபிரேய மறைநூலைக் காத்த மசோரேத்தியர் என்னும் அறிஞர், மூலத்தில் ஐயம் தோன்றிய இடத்திலும் எழுதியிருந்ததை அழிக்கவில்லை. எழுதப்பட்டதை அவ்வாறே விட்டு, வாசிக்க வேண்டியதை ஓரத்தில் குறித்தனர். பின்வந்தோர் இரண்டையும் கண்டு எடைபோட வாய்ப்புக் கிடைத்தது.

மற்றொரு வழி அவசரத்தின் வழி. இலத்தீன் வுல்காத்தா பிழையின்றி அச்சாக வேண்டுமெனத் திரெந்துப் பொதுச்சங்கம் 1546இல் பணித்தது. பின்னர் அறிஞர் குழுவொன்று அரிதின் முயன்று தந்த திருத்தங்களுள் பலவற்றைத் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஏற்காது, தாமே திருத்தி 1590இல் வெளியிட்டார். அச்சான பின் கண்ட பிழைகளின்மேல் தாள்துண்டுகள் ஒட்டப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்ததும் விற்பனை நிறுத்தப்பட்டது. எட்டாம் கிளமெந்துவின் காலத்தில், 1592இல், புதிய பதிப்பு வெளிவந்தது. அவரது நோக்கம் தூயதே, பொறுமைதான் குறைந்தது.

இவையெல்லாம் ஏட்டறிஞர் கவலை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் பங்குகளின் பழைய பதிவேடுகள் இன்று கணிப்பொறிக்குள் ஏறி வருகின்றன. மொழியைப் புதுக்கும் ஆர்வத்தில், 'சூசை' என்பதையெல்லாம் 'யோசேப்பு' என மாற்றப் பணித்தால் என்னாகும்? சூசைமாணிக்கம் யோசேப்புமாணிக்கமாவார், சூசையம்மாளோ 'யோசேப்புயம்மாள்' ஆவார். அப்படியொருவர் மண்ணில் வாழ்ந்ததே இல்லை. பாட்டியின் பதிவைத் தேடி வரும் பேரனுக்கு அவர் அகப்படவே மாட்டார். பெயர் சொல்லி அழைத்து நீர் வார்த்த அம்மனிதரை, ஒரு பொத்தானின் அழுத்தம் ஏட்டினின்று நீக்கிவிடும்.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. ஒருவர் பின்னர் பெறும் உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் முதலியவற்றைத் திருமுழுக்குப் பதிவேட்டிலேயே குறிக்குமாறு 535ஆம் சட்டம் பணிக்கிறது. வாழ்வு மாறும்போதும் முதற்பதிவு நிற்கிறது. புதியது அதனருகே சேர்கிறது. மசோரேத்தியர் காட்டிய நெறியும் அதுவே.

களைகளைப் பறிக்க விரைந்த பணியாளரை வீட்டுத் தலைவர் தடுத்த உவமையை நாம் அறிவோம். களைகள் தீயவை அல்ல என்பதனாலன்று, அவற்றோடு கோதுமையும் வேரோடு வந்துவிடுமே என்பதனாலேயே அவர் தடுத்தார். பழைய ஏட்டின்மேல் கை வைக்குமுன் நாமும் அதனை நினைவோமாக. ஒவ்வோர் இடத்தையும் நின்று வாசித்து, மாற்றத்தக்கதை மட்டும் மாற்றி, மூலத்தைத் தனியே காப்போம். அது மெதுவான வேலைதான். ஆயினும் ஒருவர் பெயரைக் காக்கும் வேலை.