மீகாமனின் கை

1834ஆம் ஆண்டில் செபராங் பிறையில் கேப்டன் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். தூபியின் வடிவமும் சமஸ்கிருத வாசகமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. ரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன், தன் பயணம் இனிது நிறைவேற வேண்டி வைத்த கல் அது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினது என்பர் அறிஞர். இன்று அது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. மன்னர் பெயர்களே கல்லில் ஏறிய காலத்தில், கலம் செலுத்திய ஒருவனின் பெயரும் ஏறியிருப்பது மகிழ்ச்சி தருவது. அக்கல் கிடைத்த நிலத்திற்கு அண்டையிலேயே கூலிம் நகரும், 1996இல் திறக்கப்பெற்ற ஹைடெக் பூங்காவும் உள்ளன.

கடாரத்துக் கரைக்கு வந்த கலங்களுக்கு குனோங் ஜெராய் மலையே அடையாளம். 1,217 மீட்டர் உயர்ந்த அம்மலையைக் கண்டு மெர்போக் ஆற்றின் வாயை அறிந்தனர். நீகான், மீகாமன் என்று பழந்தமிழ் நூல்கள் இம்மாலுமிகளைக் குறிக்கின்றன. (இன்று வழங்கும் ‘சுக்கான்’ அரபு மொழி வழி வந்த சொல், கடலில் மொழிகளும் கலந்தே பயணம் செய்தன.) ஆனால் மீகாமனின் கை என்ன செய்தது என்பதை எவரும் எழுதி வைத்திலர். அவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழியாகவே சென்றது.

பாய்க்கலத்தை நேரே செலுத்துவது எளிதன்று. காற்று திடீரென வலுத்தால் கலம் ஒருபக்கம் சாயும். சாய்ந்ததும் அதன் முகம் காற்றை நோக்கித் திரும்ப முயலும். பின்னிருந்து பேரலை உந்தினால் கலம் குறுக்கே திரும்பிக் கவிழ்வதும் உண்டு. தேர்ந்த மீகாமன் கலம் விலகிய பின்னர்த் திருத்துபவன் அல்லன். விலகத் தொடங்கும் வேகத்தை உணர்ந்தே கையைத் திருப்புவான். திரும்பி வரும்போது அளவு மீறாதபடி முன்கூட்டியே சுக்கானைத் தளர்த்தியும் விடுவான்.

இந்நுட்பத்தைக் கணக்காக வடித்தவர் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி. அனுபவமிக்க சுக்கானிகளின் செயலைக் கூர்ந்து நோக்கிய அவர், 1922இல் தம் ஆய்வை வெளியிட்டார். இப்போது எவ்வளவு விலகல், இதுவரை சேர்ந்த விலகல் எவ்வளவு, விலகல் மாறும் வேகம் எவ்வளவு என்னும் மூன்றையும் கூட்டிச் சுக்கானைத் திருப்ப வேண்டும் என்பதே அதன் சாரம். 1923இல் ‘நியூ மெக்சிகோ’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் கருவி சோதிக்கப்பட்டது. நன்றாகவே இயங்கியது. எனினும் கப்பல் பணியாளர்கள் அதை விரும்பவில்லை. கடற்படையும் அதை ஏற்காது விட்டது. கையின் அறிவைக் கருவி கற்றுக்கொண்டதைக் கைக்கு உரியவர்கள் பொறுக்கவில்லை போலும்! அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

சிறு பாய்க்கலங்களுக்கு மின்னணுத் தானியங்கிச் சுக்கான் பரவலாகக் கிட்டியது 1970களுக்குப் பின்னரே. மின்காந்தத் திசைகாட்டி கலத்தின் முகத்தை அளக்கிறது; சிறு கணிப்பொறி விலகலைக் கணக்கிடுகிறது; மின்மோட்டார் சுக்கானை அசைக்கிறது. திரும்பும் வேகத்தை அளக்கும் உணரியும் பின்னர்ச் சேர்ந்ததால், அலை எழுந்த கடலிலும் கலம் நிலைபெற்று ஓடுகிறது. காற்றின் திசையையே வழிகாட்டியாகக் கொள்ளவும் அதற்கு இயலும். ஆனால் மின்கலம் தீர்ந்தால் அது வெறும் இரும்பு. முன்னே மிதக்கும் மரக்கட்டையையும் அது அறியாது.

கெடாவின் லங்காவித் தீவிலிருந்து 1999 பிப்ரவரி 2ஆம் நாள் அசார் மன்சோர் ‘ஜாலூர் கெமிலாங்’ என்னும் பாய்க்கலத்தில் தனியே புறப்பட்டார். வழியில் பாய்மரம் முறிந்தது. ஆயினும் உலகைச் சுற்றி ஆகஸ்ட் 11ஆம் நாள் லங்காவிக்கே திரும்பினார். ஏறத்தாழ 190 நாட்கள். தனியே கடல் கடப்பவன் இரவும் பகலும் சுக்கானைப் பிடித்திருக்க இயலாது. அவன் கண்ணயரும் வேளைகளில் கலம் தானே தன் வழியைக் காத்தல் வேண்டும்.

புத்தகுப்தன் வந்த இதே கடல்வழியே தோட்டத் தமிழர்களும் வந்தனர். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியோர் பலர். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ராஜூலா’வின் பெயர் முதியோர் நினைவில் நெடுநாள் நின்றது. தளத்தில் பாய்விரித்துப் படுத்திருந்த அவர்கள் சுக்கான் அறையைக் கண்டிருக்க வழியில்லை. ஒருகாலத்தில் இக்கடலில் கலம் செலுத்தியோரின் மரபில் வந்தவர்கள், கலத்தின் சரக்கைப் போல் எண்ணப்பட்டு வந்திறங்கினர். பால்மரக் காட்டில் அவர்கள் கற்றது வேறொரு கைநுட்பம்: மரத்தின் உள்ளே காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுதல்.

அந்தக் கூலிமில் இன்று வெட்டுவது பட்டையை அன்று. 2006ஆம் ஆண்டு முதல் இன்ஃபினியன் நிறுவனம் அங்கே மின்திறன் சில்லுகளைச் செய்து வருகிறது. மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுவன அத்தகைய சில்லுகள். ஆளில்லாத சுக்கானை நள்ளிரவில் ஒரு விரற்கடை திருப்பும் மோட்டாருக்கும் அந்த வகைச் சில்லே வேண்டும்.