மட் கிளையன்ட்: தோற்றத்தையும் இயக்கத்தையும் மாற்றியமைத்தல்

மட் என்பது, எழுத்தால் மட்டுமே வருணிக்கப்படும் ஓர் உலகில் பலர் ஒரே நேரத்தில் கூடி, கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆடும் கணினி விளையாட்டு. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த நிரலின் பெயரே பின்னர் இந்த வகை முழுவதற்கும் வழங்கலாயிற்று. ஆட்டம் நிகழ்வது தொலைவிலுள்ள வழங்கி என்னும் கணினியில். வழங்கி அனுப்பும் வரிகளை ஆடுபவரின் திரையில் காட்டி, அவருடைய கட்டளைகளைத் திருப்பி அனுப்பும் நிரலே கிளையன்ட். வழங்கியிலிருந்து வருவது பெரும்பாலும் வெறும் எழுத்தே என்பதால், அது திரையில் எப்படித் தோன்ற வேண்டும், அதற்கு என்ன எதிர்வினை எழ வேண்டும் என்பவற்றை ஆடுபவரே வகுத்துக்கொள்ள முடிகிறது. படங்களால் ஆன விளையாட்டுகளில் இந்த அளவு உரிமை அரிது.

தொடக்கத்தில் டெல்நெட் என்னும் பொது இணைப்பு நிரலே இதற்குப் பயன்பட்டது. அதில் பாதி தட்டச்சு செய்த கட்டளையின் நடுவே புதிய வரிகள் வந்து கலந்துவிடும். இக்குறையைத் தீர்க்க டைனிஃபியூக் போன்ற தனிக் கிளையன்ட்கள் திரையை இரண்டாகப் பிரித்து, மேற்பகுதியை வரும் எழுத்துக்கும் கீழ்ப்பகுதியைத் தட்டச்சுக்கும் ஒதுக்கின. பின்வந்த டின்டின், நிக் கேமன் எழுதிய மஷ்கிளையன்ட், மட்லெட் ஆகியவை மாற்றியமைக்கும் வசதிகளை மேலும் விரித்தன.

வழங்கி நிறத்தைக் குறிக்க ஆன்சி குறிகளை, அதாவது எழுத்தோடு எழுத்தாக வந்தும் திரையில் தோன்றாத எண் குறியீடுகளைப் பயன்படுத்துகிறது. எடுத்துக்காட்டாக 31 என்பது சிவப்பையும் 34 என்பது நீலத்தையும் குறிக்கும். ஆனால் அச்சிவப்பு எத்தகைய சிவப்பு என்பதைக் கிளையன்ட்டே தீர்மானிப்பதால், கறுப்புப் பின்னணியில் படிக்கவே முடியாத கருநீலத்தை வெளிர்நீலமாக மாற்றிக்கொள்வது பலரும் முதலில் செய்யும் திருத்தமாக உள்ளது. எழுத்துரு மட்டும் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே அகலம் உடையதாக இருத்தல் நன்று. இல்லையெனில் கோடுகளாலும் குறிகளாலும் வரையப்பட்ட நிலப்படங்கள் சிதைந்துவிடும்.

இயக்கத்தை மாற்றும் வசதிகளில் எளியது மாற்றுப்பெயர். நீண்ட கட்டளைத் தொடர் ஒன்றை ஓரிரு எழுத்துகளில் அடக்குவது. அதனினும் ஆற்றல் மிக்கது தூண்டி. குறித்த வடிவமுள்ள வரி வந்தவுடன் அதை மறைக்கவோ, நிறமூட்டவோ, வேறு சாளரத்துக்கு அனுப்பவோ, விடையாக ஒரு கட்டளையை விடுக்கவோ தூண்டியால் இயலும். போரில் வாள் கைநழுவியதாக ஒரு வரி வந்தால் வாளை உடனே எடுத்து ஏந்தும்படி தூண்டி அமைப்பது வழக்கம். ஆனால் அவ்வரியின் சொற்கள் எங்கு வந்தாலும் செயல்படுமாறு தூண்டியை அமைத்துவிட்டால், எதிரி அதே சொற்களைப் பேச்சில் சொல்லியே ஆடுபவரை வீண் கட்டளை விடச் செய்துவிடலாம். ஆகவே வரியின் தொடக்கத்திலேயே அச்சொற்கள் வந்தாக வேண்டும் என வரையறுப்பது இன்றியமையாதது. வணக்கத்துக்கு வணக்கம் சொல்லும் தூண்டியை இருவர் வைத்திருந்தால் அவர்களுடைய கிளையன்ட்கள் ஓயாமல் வணங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒருமுறை இயங்கியபின் சிறிது நேரம் அடங்கியிருக்கும்படி அமைப்பதும் தேவையாகிறது. இவற்றை விரிவாக எழுத, 1993இல் பிரேசிலில் உருவான லுவா மொழியை மட்லெட், மஷ்கிளையன்ட் இரண்டும் ஏற்கின்றன.

வரிகளைப் படித்து, ஆடுபவரின் பாத்திரத்துக்கு எஞ்சியுள்ள உயிர்நிலை அளவைக் கண்டறிவது பிழைக்கு இடமளிப்பதால், அத்தகைய தரவைத் திரையில் காட்டாமல் தனியே அனுப்பும் ஜிஎம்சிபி என்னும் நெறிமுறையைப் பல வழங்கிகள் கையாள்கின்றன. கிளையன்ட் அதைக் கொண்டு அளவுப்பட்டைகளையும் நிலப்படங்களையும் வரைகிறது. ஆடுபவர் விலகியிருக்கும்போதும் தூண்டிகளே ஆட்டத்தை நடத்துமாறு விடுவதை மட்டும் பல விளையாட்டுகள் தம் விதிகளில் தடைசெய்துள்ளன. ஒருவர் ஆடாமலே பெறும் முன்னேற்றம், ஆடிப் பெறுவோரின் உழைப்பின் மதிப்பைக் குறைப்பதால் அத்தடை நியாயமானதே.

பார்வையற்ற ஆட்டக்காரர்களுக்கே இவ்வசதிகள் மிகப்பெரும் பயன் தருகின்றன. திரைபடிப்பான் எனும், எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் ஒவ்வொரு வரியையும் வாசிப்பதால், போர்க்களத்தில் குவியும் வரிகள் தேவையானதைக் கேட்க விடாமல் மூழ்கடித்துவிடும். அவர்கள் குறிகளால் ஆன படங்களைத் தூண்டிகளால் நீக்கி, திரும்பத் திரும்ப வரும் அடிகளைச் சிற்றொலிகளாக்கி, உயிர்நிலை தாழும்போது மட்டும் எச்சரிக்கை ஒலி எழச் செய்து, பார்வையுள்ளோருக்கு நிகராக அதே களத்தில் ஆடுகின்றனர்.