ஈடு ஈடாகவா, இடைவிடாமலா? – சோடா தயாரிப்பின் வரலாறு

இட்லி அவிப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு ஈடு ஊற்றி, வெந்ததும் இறக்கி, அடுத்த ஈடு ஊற்ற வேண்டும். மாவு மில்லில் அப்படி இல்லை. மேலே தானியம் விழுந்துகொண்டே இருக்கும், கீழே மாவு வந்துகொண்டே இருக்கும். இரசாயன ஆலைகளிலும் இந்த இரண்டு வகைகள் உண்டு. முதலாவது பேட்ச் எனப்படும் தொகுதி முறை, இரண்டாவது தொடர் முறை. 19ஆம் நூற்றாண்டில் இவை இரண்டும் நேருக்கு நேர் மோதிய இடம் சோடா தயாரிப்பு ஆகும்.

கண்ணாடிக்கும் சோப்புக்கும் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், அவசியம். முன்பு ஐரோப்பாவில் கடலோரச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து அதை எடுத்தார்கள். சமையல் உப்பிலிருந்து சோடா செய்யும் வழிக்கு 1791ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் நிக்கோலா லெப்லான் என்ற பிரெஞ்சு மருத்துவர். பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய ஆலை பறிமுதல் செய்யப்பட்டது. வறுமையில் வாடிய அவர் 1806ஆம் ஆண்டில் தற்கொலை செய்துகொண்டார். ஆனால் அவருடைய முறை வாழ்ந்தது. 1820களில் ஜேம்ஸ் மஸ்பிராட் போன்றவர்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் பகுதியில் அதைப் பெருந்தொழிலாக வளர்த்தார்கள்.

லெப்லான் முறை முழுக்க முழுக்க ஈடு ஈடான வேலை. முதலில் உப்பையும் கந்தக அமிலத்தையும் பெரிய சட்டியில் சூடாக்குவார்கள். அதில் கிடைக்கும் சோடியம் சல்பேட்டைச் சுண்ணாம்புக்கல், நிலக்கரியோடு சேர்த்து உலையில் போட்டு நீண்ட இரும்புக் கம்பியால் கிளறுவார்கள். பதம் வந்ததும் கறுப்புக் கட்டியாக வெளியே இழுத்து, ஆறவைத்து, தண்ணீரில் கரைத்து வற்றவைத்தால் சோடா கிடைக்கும். பதம் பார்ப்பது தொழிலாளியின் கண்ணையும் கைப்பழக்கத்தையும் பொறுத்தது.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. 8 டன் சோடாவுக்கு ஏறக்குறைய 5.5 டன் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் 7 டன் கால்சியம் சல்பைடு கழிவும் உண்டாயின. வாயுவினால் சுற்றுவட்டாரத்தில் மரங்களும் பயிர்களும் கருகின. தொழிலாளர்களின் பற்கள் அரித்துப்போயின. கழிவுக் குவியல்களிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வீசியது. 1863ஆம் ஆண்டில் பிரிட்டன் சட்டம் இயற்றி, அந்த வாயுவில் 95 சதவீதத்தை வெளியே விடாமல் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

இதைவிட எளிய வேதிவினை ஒன்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் ஆச்சரியம். உப்புநீரில் அம்மோனியாவையும் கார்பன்-டை-ஆக்சைடையும் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட் படியும். அதைச் சூடாக்கினால் சோடா. 1811ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஃபிரனெல் இதைக் கண்டிருந்தார். 1838ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமையும் எடுத்தார்கள். மஸ்பிராட்டும் முயன்று கைவிட்டார். காரணம், அம்மோனியா சோடாவைவிட விலை அதிகம். ஒவ்வொரு ஈட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அது நழுவிப் போனால் நட்டம்தான்.

இதைத் தீர்த்தவர் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே. உடல்நலக் குறைவால் பல்கலைக்கழகம் போக முடியாமல், மாமாவின் எரிவாயு ஆலையில் வேலை பார்த்தவர். 1861ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்று, 1863ஆம் ஆண்டில் தம்பி ஆல்ஃபிரட்டுடன் நிறுவனம் தொடங்கினார். ஆரம்பத்தில் திவாலாகும் நிலை வரை போனார். அவரைக் காப்பாற்றியது ஓர் உயரமான கோபுரம். அம்மோனியா கலந்த உப்புநீர் மேலிருந்து இறங்கும், கார்பன்-டை-ஆக்சைடு கீழிருந்து ஏறும், வினை நிற்காமல் நடக்கும். மிஞ்சிய திரவத்தைச் சுண்ணாம்புடன் சூடாக்கினால் அம்மோனியா திரும்பக் கிடைக்கும். அதுவே மீண்டும் கோபுரத்துக்குப் போகும். அதாவது சால்வே கண்டுபிடித்தது புதிய வேதிவினை அல்ல, பழைய வினையை நிற்காமல் ஓட்டும் வழி.

லுட்விக் மாண்ட் 1872ஆம் ஆண்டில் இதற்கு உரிமம் வாங்கி, ஜான் பிரன்னருடன் சேர்ந்து இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஆலை தொடங்கினார். சோடா விலை இறங்கியது. லெப்லான் ஆலைகள் 1890ஆம் ஆண்டில் ஒன்றிணைந்து, ஒருகாலத்தில் காற்றில் விட்ட அதே வாயுவிலிருந்து சலவைத்தூள் செய்து விற்றுச் சில காலம் தாக்குப்பிடித்தன. முதல் உலகப்போருக்குப் பின் அம்முறை மறைந்தது.

ஆனால் தொடர் முறையே எப்போதும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு குழாய் அடைத்தால் ஆலை முழுவதும் நிற்கும். சால்வே முறையிலும் கால்சியம் குளோரைடு கழிவாக வருகிறது. குறைந்த அளவில் பல பொருட்கள் செய்யும் மருந்துத் துறையில் தொகுதி முறையே இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. ஒரு ஈடு கெட்டால் அதை மட்டும் திரும்பப் பெறலாம். மாத்திரை அட்டையில் பேட்ச் எண் அச்சிடுவது அதற்காகத்தான். அங்கும் மாற்றம் தொடங்கிவிட்டது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பேட்ச் முறையில் தயாராகி வந்த எச்.ஐ.வி. மருந்தான பிரசிஸ்டாவைத் தொடர் முறைக்கு மாற்ற அனுமதி கொடுத்தது. ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு மருந்துக்கு இப்படி மாற்றம் கிடைத்தது அதுவே முதல் முறை.